நூற்றுப் பன்னிரண்டு கறைகள்

ஹெலனின் பித்தப்பையில் மூன்று கற்கள் இருந்தன. ஸ்கேனில் தெரிந்தது, டாக்டர் பார்த்தார், எடுத்துவிட வேண்டும் என்றார். வெட்ட டாக்டர் இருந்தார், மயக்க ஊசி போட டாக்டர் இருந்தார், தியேட்டர் இருந்தது, தியேட்டரில் ஏசிகூட ஓடியது. துணிதான் இல்லை.

ஆபரேஷன் என்றால் மேஜையில் விரிக்க, நோயாளியைப் போர்த்த, டாக்டர்கள் உடுத்திக்கொள்ள என்று பச்சைத் துணி வேண்டும். அந்த அரசாங்க ஆஸ்பத்திரியில் பச்சைத் துணிக்குப் பஞ்சமே கிடையாது. அத்தனையும் அழுக்காக, ஓர் அறையில் கூரை முட்டக் கிடந்தது. துவைக்கிற ஒப்பந்தம் நான்கு மாதத்துக்கு முன்பே முடிந்துபோயிருந்தது. அறைக்குப் பூட்டு, பூட்டுக்கு அரக்கு முத்திரை, முத்திரையைப் பார்த்துக்கொள்ள ஒரு காவலாளி. ஆஸ்பத்திரி எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்லாமல் விடுவது எல்லோருக்கும் நல்லது. கவரைப்பேட்டையிலிருந்து லோடு ஆட்டோவில் முக்கால் மணி நேரம் என்ற அளவு போதும்.

மூன்று தடவை ஹெலனுக்குத் தேதி கொடுத்தார்கள். மூன்று தடவையும் முந்தின ராத்திரியிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் கிடந்தாள். மூன்று தடவையும் மறுநாள் பகல் ஒரு மணிக்கு நர்ஸ் ஈஸ்வரி வந்து, "துணி வர்லம்மா, அடுத்த தேதி பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். மூன்றாவது தடவை டாக்டரே யேசுதாஸைத் தனியாகக் கூப்பிட்டார். கல் நழுவிக் குழாயில் போய் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, இந்த மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்றார். சொல்லிவிட்டு அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

யேசுதாஸ் ஹெலனின் புருஷன். அவனுக்கு என்ன தொழில் என்று கேட்டால் நம்பமாட்டீர்கள்: துணி துவைப்பது. கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனிகளின் யூனிபாரமெல்லாம் கவரைப்பேட்டையில் 'ஹெலன் பவர் லாண்டரி'யில்தான் வெளுக்கப்படுகிறது. ஆளுயரத்துக்கு இரண்டு மெஷின். கிரீஸ், ஆயில், பெயின்ட், துரு என்று அவன் பார்க்காத கறை கிடையாது. மெஷினை விற்றுவிட்டுச் சென்னையில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று அவன் சொன்னபோது ஹெலன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"மெஷின வித்துட்டு என்னிய பொழைக்க வெச்சி, அப்புறம் பொழைக்கிறதுக்கு இன்னாய்யா பண்றது?"

ஆகவே அவன் ஈஸ்வரியிடம் போனான். "சிஸ்டர், துணி அளுக்கா கீது. நான் தொவைக்கிறவன். நாப்பது துணிய குடுங்க, சாயங்காலம் இஸ்திரி போட்டு கொண்டாந்துடறேன். ஒரு பைசா வாணாம்."

ஈஸ்வரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லாத்தான் சொல்றே அண்ணா. இத்தப் போயி வரதன் சார்கிட்ட சொல்லேன். ஆனா மெதுவா சொல்லு. அவருக்கு பிரஷரு."

வரதன் துணிப் பிரிவின் கண்காணிப்பாளர். துணி வராத நான்கு மாதமும் ஒருநாள்கூட லீவு போடாதவர். யேசுதாஸ் சொன்னதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"இலவசமா?"

"ஆமா சார்."

"இலவசம்னா எவ்ளோ?"

"ஒண்ணுமில்ல சார்."

"அந்த ஒண்ணுமில்லாதத எந்தக் கட்டத்துல எழுதறது? இதப் பாருப்பா, பணம் கேக்கறவனை எங்களுக்குக் கையாளத் தெரியும். அதுக்கு நாப்பத்தெட்டு விதி இருக்கு. பணம் வேணாங்கறவன் வந்தா நாங்க என்ன பண்ணணும்னு அரசாங்கம் சொல்லவேயில்ல. நீ டெண்டர்ல கலந்துக்கோ. அவசர டெண்டர், மூணே வாரம்."

"என் பொண்டாட்டிக்கி ஆபத்துன்றாங்க சார்."

"அதனாலதான் அவசர டெண்டர்ங்கறேன்" என்றார் வரதன், நிஜமான அன்போடு.

டெண்டர் புத்தகம் அறுபத்து நான்கு பக்கம். அதைப் படித்துச் சொல்ல லாண்டரிக்குப் பக்கத்து நாஷ்டா கடைக்காரன் முனுசாமி உட்கார்ந்தான். பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவன். முதல் சிக்கல் ஐந்தாம் பக்கத்திலேயே இருந்தது. குறைந்தது மூன்று பேர் போட்டியிட வேண்டும், இல்லையேல் டெண்டர் ரத்து.

"இந்தப் பக்கத்துல லாண்டரின்னா நீ ஒர்த்தன்தான் நைனா. மிச்சம் ரெண்டு பேருக்கு எங்க போவே?" என்றான் முனுசாமி.

யேசுதாஸ் அவனையே பார்த்தான். முனுசாமிக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது.

"தே, ஆள வுடு! எனக்கு இட்லியத் தவிர ஒண்ணும் தெரியாது."

"தெரிய வாணாம்டா. நீ தோக்கணும், அவ்ளோதான். கோபாலும் நிக்கட்டும்."

கோபால் லோடு ஆட்டோவில் தண்ணீர் கேன் போடுகிறவன். தோற்பதற்குக் கூப்பிடுகிறார்கள் என்றதும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்குத் தெரிந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள் என்றான்.

ஒப்பந்ததாரர் கூட்டத்துக்கு இருநூறு நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தவர்கள் மூன்று பேர். மேடையில் ஆறு அதிகாரிகள், ஆறு பேருக்கும் சால்வை. தலைமை மருத்துவர் ஜனார்தனன் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "திரளாக வந்திருக்கும் ஒப்பந்ததாரர்களே!" என்றார். கோபால் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"இந்த ஆஸ்பத்திரியின் சாதனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடந்த நான்கு மாதத்தில் எங்கள் துணி ஒன்றுகூடத் தொலையவில்லை. ஏனென்றால் ஒன்றுகூட வெளியே போகவில்லை. கடந்த நான்கு மாதத்தில் எங்கள் தியேட்டரில் ஒரு நோயாளிகூட இறக்கவில்லை. ஏனென்றால் உள்ளே யாரையும் விடவில்லை. தியேட்டரில் கிருமி உண்டா என்று சோதித்தார்கள். ஒரு கிருமி இல்லை. கிருமிக்கு அங்கே என்ன வேலை? மாநிலத்திலேயே மிகச் சுத்தமான தியேட்டர் எங்களுடையது என்று பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது. இந்தப் பெயரைக் காப்பாற்றும் விதத்தில் துவைக்கக்கூடியவர்தான் எங்களுக்குத் தேவை."

அதிகாரிகள் கைதட்டினார்கள். முனுசாமி விசில் அடிக்கப் போனவன், யேசுதாஸ் முழங்கையால் இடித்ததும் வாயை மூடிக்கொண்டான்.

அடுத்து அனுபவச் சோதனை. யேசுதாஸ் பதினொரு கம்பெனியின் கடிதங்களை நீட்டினான். வரதன் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதெல்லாம் தொழிற்சாலை அழுக்கு. மருத்துவ அழுக்கு இல்ல. சரி, நீராவியில துணி வைச்ச அனுபவம் உண்டா? மூணு வருஷம் வேணும்."

"நாங்க கொதிதண்ணிலதான் சார் போடறது. ஆவில வெக்கிறதில்ல."

"பாதி மார்க்" என்று குறித்துக்கொண்டு வரதன் முனுசாமி பக்கம் திரும்பினார். "நீங்க?"

முனுசாமிக்குப் பொய் சொல்லத் தெரியாது. "துணி ஆவில வெக்கிறதா சார்? பத்தொம்பது வருசமா தெனமும் வெக்கிறேன். காத்தால நாலு மணிக்கி ஆரம்பிச்சா பத்து மணி வரிக்கும் துணி ஆவிலதான் கீது."

அது இட்லித் துணி என்று அவன் சொல்லவில்லை. வரதனும் கேட்கவில்லை. முழு மார்க் போட்டு இரண்டு கோடு இழுத்தார்.

கடைசியில் செய்முறைச் சோதனை. மூன்று பேருக்கும் ஆளுக்கொரு அழுக்குத் துணி கொடுத்தார்கள். கொடுப்பதற்கு முன் வரதன் ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்து, ஒரு நோட்டில் என்னவோ எழுதினார். எட்டிப் பார்த்த யேசுதாஸுக்கு ஒரு வரி தெரிந்தது: 'கறை மூன்று. ரத்தம் ஒன்று, அயோடின் ஒன்று, குழம்பு ஒன்று.' அவனுக்கு உடம்பெல்லாம் உற்சாகம். இந்த மூன்றையும் எடுத்துக் காட்டு பார்க்கலாம் என்று ஆஸ்பத்திரி சவால் விடுகிறது என்று நினைத்தான். ரத்தத்துக்கு உப்பும் குளிர்ந்த தண்ணீரும், அயோடினுக்குத் தனி மருந்து, குழம்புக்கு வெயில் என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து துவைத்தான். துணி புதுத் தளிர் மாதிரி வந்தது. ஹெலன் வலியோடு எழுந்து வந்து அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "இதுல என்னிய படுக்க வெச்சா வெட்டாமலே செரியா பூடும்யா" என்றாள்.

முனுசாமி தன் துணியை மடித்த மடிப்புக் கலையாமல் உப்பு மூட்டைமேல் வைத்தான். தோற்க வேண்டும் என்றுதானே சொல்லியிருந்தார்கள். கோபால் ஆட்டோவில் சீட்டுக்கு அடியில் போட்டு மறந்துபோனான்.

முடிவு அறிவிக்கிற அன்று வரதன் நோட்டும் பூதக்கண்ணாடியுமாக வந்தார். முதலில் யேசுதாஸின் துணி. முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் இருண்டது.

"இதில மூணு கறை குடுத்தோம். எங்கே?"

"எடுத்துட்டேன் சார்!" என்றான் யேசுதாஸ் பெருமையாக.

"யாரைக் கேட்டு எடுத்தே?"

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. முன்பு ஒரு ஒப்பந்ததாரர் ஆஸ்பத்திரியின் நல்ல துணிகளை அமுக்கிக்கொண்டு எங்கிருந்தோ நைந்த துணிகளைக் கொண்டுவந்து அடுக்கிவிட்டாராம். போன துணிதான் வந்த துணி என்பதற்கு என்ன அடையாளம் என்று தணிக்கையில் கேட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரி மூன்று கூட்டம் போட்டு யோசித்துக் கறைப் பதிவேடு என்று ஒன்றைக் கொண்டுவந்தது. துணி போகும்போது அதன் கறைகளை எண்ணி, நிறமும் இடமும் எழுதிக்கொள்வார்கள். திரும்பி வரும்போது சரிபார்ப்பார்கள். கறை சரியாக இருந்தால் துணி நம்முடையது. பதிவேடு வந்த மறு மாதமே பழைய ஒப்பந்ததாரர் ஊரைவிட்டே போய்விட்டார். அவருடைய குற்றம் இதனால் நிரூபணமாகிவிட்டதாக ஆஸ்பத்திரி கருதியது.

"மூணு கறை காணலை. இது எங்க துணிதானான்னே சந்தேகம். தகுதி நீக்கம்" என்றார் வரதன்.

கோபாலின் துணியில் மூன்று கறையும் இருந்தன. கூடவே ஆட்டோ கிரீஸ் ஒன்று அதிகமாக இருந்தது. அரசாங்கம் வெளியாரிடமிருந்து அன்பளிப்பு வாங்குவதில்லை என்று சொல்லி அவனுக்கு இரண்டாம் இடம் கொடுத்தார்கள். முனுசாமியின் துணியை விரித்தபோது வரதன் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். ரத்தம், அயோடின், குழம்பு எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. ஜனார்தனன் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"முப்பது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு நேர்மையை நான் பார்த்ததில்லை."

முனுசாமி அழுதுவிட்டான். ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"அப்ப தொவைக்கவே கூடாதா சார்?" என்று யேசுதாஸ் கத்தினான்.

"யார் சொன்னது?" ஜனார்தனன் புண்பட்டுப்போனார். "நோயாளி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். விதி பதினேழு: துணி பளிச்சென்று இருக்க வேண்டும். விதி இருபத்தொன்பது: கறை குறையக் கூடாது. இரண்டையும் கடைப்பிடிக்கத்தான் அனுபவசாலியாகத் தேடினோம்."

வேலை உத்தரவு முனுசாமி பேரில் வந்தது. வேறு யாருக்கும் வேலையை மாற்றிவிடக் கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஹெலனுக்கு நான்காவது தேதி வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை முத்திரையை உடைத்து நாற்பது துணி கொடுத்தார்கள். கறைகளை எண்ண இரண்டு பேர் நாலு மணி நேரம் உட்கார்ந்தார்கள். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. முனுசாமி கையெழுத்துப் போட்டான்.

துணி யேசுதாஸின் மெஷினுக்குத்தான் போனது. வேறு எங்கே போகும்? கறைக் கணக்கை என்ன செய்வது என்று முனுசாமி கேட்டுக்கொண்டே இருந்தான்.

"பொம்பள ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கினு இருப்பாடா. அவள வெச்சிக்கினு எவன்டா கறைய எண்ணுவான்? மனுசங்கதான அவங்களும்" என்றான் யேசுதாஸ்.

புதன்கிழமை வரதன் தொழிற்கூடத்தைப் பார்வையிட வந்தார். நேராக முனுசாமியின் கடைக்கு வந்து, ஆவி பறந்துகொண்டிருந்த இட்லிப் பானையைச் சுற்றிப் பார்த்து, இரண்டு ஈடு இட்லி சாப்பிட்டு, 'நீராவி வசதி திருப்திகரம், சட்னியும்' என்று எழுதிவிட்டுப் போனார். பக்கத்துக் கட்டடத்தில் ஓடிய மெஷின் சத்தம் அவருக்குக் கேட்டது. அது யாருடையது என்பது அவர் பார்வையிட வேண்டிய பட்டியலில் இல்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணி. நாற்பது துணியும் தேய்த்து அடுக்கிய மூட்டையோடு யேசுதாஸும் முனுசாமியும் துணிப் பிரிவின் ஜன்னல் முன்னால் நின்றார்கள். துணி இனி ஒரு மணி நேரம், கிருமி சாக, ஆஸ்பத்திரி ஆவிப் பெட்டியில் இருக்க வேண்டும். மயக்க ஊசி டாக்டர் இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். வராந்தாவின் அந்தக் கோடியில் ஹெலன் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. வலி வரும்போதெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

வரதன் முதல் துணியை விரித்தார். பதிவேட்டைப் பார்த்தார். இரண்டாவது துணி. மூன்றாவது. நாற்பதையும் விரித்து முடிக்கும்போது மணி பத்தேகால்.

"நூத்திப்பன்னிரண்டு கறையும் காணோம். நான் வாங்க முடியாது."

"சார், துணி நல்லா கீதே சார்!" என்றான் முனுசாமி.

"துணி பிரமாதமா இருக்கு. எங்க வீட்டுத் துணிகூட இப்படி இல்ல. ஆனா அனுப்பினது துணியும் கறையும். வந்தது துணி மட்டும். அரசாங்கப் பொருள்ல பாதி எங்கே போச்சு? கறையைக் கொண்டா, கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா காணாமப் போச்சுன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்து ரசீது வாங்கிக்கிட்டு வா."

யேசுதாஸுக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துப் பிடுங்கி எறிய வேண்டும்போல இருந்தது. காலில் விழலாமா என்றும் இருந்தது. வராந்தாக் கோடியிலிருந்து ஹெலன் தலையைத் தூக்கிப் பார்த்தாள். நாலாவது தடவையும் இல்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுபடி தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

அப்போதுதான் அவனுக்கு டிரம் ஞாபகம் வந்தது.

சிப்காட் வேலை செய்கிற லாண்டரிக்காரன் துவைத்த தண்ணீரைச் சாக்கடையில் விட முடியாது. விட்டால் மாசு ஆபீஸிலிருந்து வந்து மெஷினுக்குச் சீல் வைத்துவிடுவார்கள். டிரம்மில் பிடித்துவைத்து, டேங்கர் வரும்போது ஏற்றிவிட வேண்டும். டேங்கர் சனிக்கிழமைதான் வரும். யேசுதாஸ் போனை எடுத்தான்.

"கோபாலு, கடையில நீல டிரம்மு ஒண்ணு கீது பாரு, ஆஸ்பத்திரின்னு சாக்பீசுல எய்தியிருக்கும். தூக்கி வண்டில போட்டுக்கினு ஓடியா. கேக்காதே. வா."

கோபால் பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தான். டிரம்மை மூன்று பேருமாக இறக்கி ஜன்னல் முன்னால் உருட்டிவைத்தார்கள்.

"சார், நீங்க கேட்ட கறை. நூத்திப்பன்னெண்டும் இதுல கீது. ஒண்ணுகூட வெளிய உடல" என்றான் யேசுதாஸ்.

முனுசாமி கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். வரதன் வெளியே வந்து மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். உள்ளே செங்காவி நிறத்தில் கலங்கலாக, நான்கு மாத நாற்றத்தோடு தண்ணீர் நின்றது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். பிறகு நெற்றியைச் சுருக்கி நெடுநேரம் யோசித்தார்.

"எண்ண முடியாதே?"

"எண்ணுங்க சார். ஒண்ணு கம்மியா இருந்தாலும் நான் பொறுப்பு. ஒரு கரண்டி தரட்டா?"

அதற்குள் ஜனார்தனன் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார். டிரம்மை ஒருமுறை வலம் வந்தார். அவர் முகம் விடிந்தது.

"வரதன், இது பெரிய விஷயம். துணியையும் கறையையும் தனித்தனியாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்! விதி பதினேழும் நிறைவேறியது, விதி இருபத்தொன்பதும் நிறைவேறியது. இரண்டு விதியும் ஒரே நாளில் நிறைவேறி நான் பார்த்ததில்லை. உடனே பதிவு செய்யுங்கள்."

வரதன் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'துணி நாற்பது. கறை நூற்றுப் பன்னிரண்டு, திரவ வடிவில். சரியாக உள்ளது.' டிரம்முக்கு எண் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, பூட்டிய அறைக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். காவலாளி அதற்கு ஒரு சல்யூட் அடித்தான். ஈஸ்வரி மட்டும் எதற்கும் நிற்கவில்லை. துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆவிப் பெட்டியைப் பார்த்து ஓடினாள்.

ஒரு மணிக்கு ஹெலனை உள்ளே கொண்டுபோனார்கள். மூன்று கல்லும் வந்தன. மயக்கம் தெளிந்ததும் அவள் முதலில் மேலே கிடந்த துணியை மூக்குப் பக்கம் இழுத்தாள்.

"நம்ம சோப்பு" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனாள். யேசுதாஸ் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று வாய்விட்டு அழுதான்.

இருபது நாள் கழித்து முனுசாமி ஒரு நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு லாண்டரிக்கு ஓடிவந்தான். ஹெலன் நாற்காலியில் உட்கார்ந்து சட்டை மடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் வைத்த டிரம்மில் நீர்மட்டம் நான்கு விரற்கடை குறைந்திருக்கிறதாம். மூடி சரியில்லாததால் கறைகளில் சுமார் ஒன்பது ஆவியாகிவிட்டதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறதாம். அவற்றை ஈடு செய்யும்வரை அடுத்த துணி கொடுக்கப்படமாட்டாதாம்.

"படிக்காதடா, தையல் பிரிஞ்சிடும்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஹெலன் சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு யேசுதாஸைப் பார்த்தாள்.

"ஒரு பக்கெட்டு மொண்டுக்கினு போய் ஊத்திட்டு வந்துடுய்யா. என் பக்கத்துப் பெட்டுல இருந்தாளே ஒர்த்தி, அவளுக்கு இன்னும் தேதி வர்ல. எத்தினி வாட்டி பட்டினி கெடப்பா?"

அன்றிலிருந்து திங்கட்கிழமைதோறும் யேசுதாஸ் ஒரு பக்கெட் அழுக்குத் தண்ணீரோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறான். வரதன் அளந்து ஊற்றிக்கொண்டு அறையைத் திறந்து துணி கொடுக்கிறார். யாருக்கும் குறை இல்லை. ஒரே ஒரு தடவை, அவசரத்தில், போர் பம்ப்பில் பிடித்த தண்ணீரைக் கொண்டுபோய்விட்டான். வரதன் பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

"சுத்தமான தண்ணிய கொண்டாந்து அரசாங்கத்தையே ஏமாத்தப் பாக்கறியா?"

யேசுதாஸ் மன்னிப்புக் கேட்டான். திரும்பிப் போய் அழுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அந்த வாரம் தியேட்டரில் ஏழு ஆபரேஷன் நடந்தது.